வடசென்னையில் ஏழு நாள்: பிரிந்திருந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு பயணக் குறிப்பு

நாள் 1, திங்கள் மாலை: செகண்ட் லைன் பீச்

ஆளுக்கொரு ஊரில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த கணவன் மனைவிக்குப் பேச்சில் பஞ்சம் இருக்காது. ராத்திரி ராத்திரி போனில் பேசியே வாழ்ந்தவர்கள் அவர்கள். விட்டுப்போனது வேறு. மீன் கூடைக்கு முன்னால் இரண்டு பேரும் குனிந்து நின்று எது நல்லது என்று பார்ப்பது, ஒரே தட்டில் கை வைப்பது, ஒருத்தருக்குக் கால் வலித்தால் இன்னொருத்தரும் நின்றுவிடுவது, இதெல்லாம்தான். ஊட்டிக்கும் மூணாறுக்கும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு வாரத்தை வடசென்னைக்குக் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான். வேடிக்கை பார்க்கவென்று செய்துவைத்த இடங்கள் இங்கே குறைவு. வாங்க, சமைக்க, பேரம் பேச, வரிசையில் நிற்க என்று இரண்டு பேர் கைக்கும் வேலை வைக்கிற ஊர் இது.

தை மாதம் இதற்குச் சரியான காலம். மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. போக்குவரத்துக்கு மெட்ரோவின் நீல வழித்தடம் ஒன்றே பெரும்பாலும் போதும். வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த அந்தத் தடம் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் நீண்டது. சென்ட்ரலில் ஏறினால் உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று இந்த வாரத்தில் போகப்போகிற இடங்களில் பாதி வரிசையாக வந்துவிடும். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டியென்றால் பெண்களுக்குக் காசு இல்லாமல் பயணம்.

முதல் நாள் மாலைக்கு 2 மணி நேரம் போதும், அதற்கு மேல் இழுக்காதீர்கள். பிரயாணக் களைப்பு ஒரு பக்கம், கடிகாரம் இன்னொரு பக்கம். துபாயிலிருந்து வந்தவருக்கு நம்ம ஊர் காலை 5 மணி என்பது உடம்புக்கு 3:30. சிங்கப்பூரிலிருந்து வந்தவருக்கு அதே 5 மணி, 7:30. விடியற்காலை மீன் மார்க்கெட்டை முதல் நாளே வைக்காமல் புதன்கிழமைக்குத் தள்ளியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி பர்மா பஜாரைத் தாண்டிப் பின்னால் போனால் செகண்ட் லைன் பீச் என்கிற தெரு. மாலை 5 மணிக்கு மேல் அத்தோ வண்டிகள் வரிசை கட்டும். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு அங்கிருந்து கிளம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. பர்மியச் சொல்லுக்குக் கலந்து பிசைந்தது என்று அர்த்தம். அதைத்தான் கண்ணெதிரே செய்வார்கள்: மஞ்சள் நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டும் அதன் எண்ணெயும், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள், எலுமிச்சை. மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டை ஒன்றை உடைத்துப் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். நூடுல்ஸ் ஆறித்தான் இருக்கும். அது குறையில்லை, அத்தோவின் முறையே அதுதான். சூடாக வேண்டுமென்றால் பக்கத்திலேயே வாழைத்தண்டு சூப் இருக்கிறது.

தப்பு நடக்கிற இடம் ஒன்று உண்டு. தட்டு கைக்கு வந்ததும் போட்டோ எடுக்க ஆரம்பித்தால் 3, 4 நிமிஷத்தில் பேஜோ புளித்தண்ணீரில் ஊறி நமத்துவிடும். வந்த கையோடு சாப்பிடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு அத்தோ, ஒரு மொய்ங்கா, ஆளுக்கு ஒரு மசாலா முட்டை கணக்கு. முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் மிளகாயும் திணித்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவார்கள். அதை ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டை போச்சு. மொய்ங்கா என்பது குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், பர்மாவில் மீன் குழம்பு ஊற்றுவார்கள். இங்கே பெரும்பாலும் வாழைத்தண்டுச் சாறு. சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் வண்டிக்கு வண்டி கேட்டுக்கொள்வது நல்லது. காரம் குறைக்கச் சொல்வதானால் பிசைவதற்கு முன்னால் சொல்லுங்கள், பிசைந்த பிறகு எடுக்க வழியில்லை.

நாளைக் காலை கோயில். செருப்பைச் சுலபமாகக் கழற்றுகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள்.

நாள் 2, செவ்வாய்: திருவொற்றியூர்

பிரிந்திருந்தவர்களுக்கென்றே ஒரு கோயில் இருக்குமானால் அது இந்தத் தியாகராஜசுவாமி கோயில்தான். சுந்தரர் இங்கே சங்கிலி நாச்சியாரைப் பார்த்து மணக்க விரும்புகிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவருக்கு அந்தச் சத்தியம் சங்கடம். நான் சன்னதியில் சத்தியம் செய்கிற நேரத்துக்கு மட்டும் நீர் போய் மகிழ மரத்தடியில் இரும் என்று சிவனிடமே கேட்டுக்கொள்கிறார். சிவன் அதற்குச் சரி சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கு என்றும் சொல்லிவிடுகிறார். கடைசியில் ஈசன் இருக்கிற மரத்தடியிலேயே சத்தியம் ஆகிறது. பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வர, சுந்தரர் கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போகிறது. ஒரு கண் காஞ்சியில் திரும்பியது, இன்னொன்று திருவாரூரில். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அந்தத் திருமணத்தை இன்றும் நடத்துகிறார்கள். மகிழ மரத்தடியில் கொஞ்சம் உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு புரிகிறதோ புரியட்டும்.

தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம். காலை 7 மணிக்குள் போய்விட்டால் நிதானமாகப் பார்க்கலாம். நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள், 11:30க்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய. வெள்ளிக்கிழமையில் வடிவுடையம்மனுக்குக் கூட்டம் அதிகம். பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்தால் மேலூர் திருவுடையம்மனைக் காலையிலும், இங்கே வடிவுடையம்மனை உச்சியிலும், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மனை மாலையிலும் ஒரே நாளில் பார்க்கிற வழக்கத்தால் தெருவே நிறைந்துவிடும். செவ்வாயைத் தேர்ந்தெடுத்தது அமைதிக்காக.

மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய 3 நாள் மட்டும் கவசம் களைந்து தைலக் காப்பு நடக்கும். சன்னதியைச் சுற்றி வரும்போது விமானத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். சதுரமாக முடியாமல் படுத்திருக்கிற யானையின் முதுகு போல வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பது இதைத்தான். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்தது.

அங்கிருந்து பட்டினத்தார் சமாதி கடற்கரைப் பக்கம். வழியில் எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்க வேண்டும். இதில்தான் கவனம் வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் சாலை அது. லாரி திரும்பும்போது ஓட்டுநருக்கு இடது பக்கத்தில், வண்டியை ஒட்டி நிற்கிற ஆள் தெரியமாட்டார். இரண்டு லாரிக்கு நடுவில் புகுந்து போகாதீர்கள், ஆட்டோவே வையுங்கள். சமாதியில் பேய்க்கரும்பின் கதையைச் சொல்வார்கள்: கசக்கிற அந்தக் கரும்பு எந்த ஊரில் இனித்ததோ அங்கே பட்டினத்தாருக்கு முக்தி, அது இந்த ஊர்.

கடல் பக்கத்தில் மணல் இல்லை, கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். 19ஆம் நூற்றாண்டில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் நீட்டிக் கட்டியதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் தங்கி மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை கரைந்தது. மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு உட்காருகிற மணலில் ஒரு பங்கு வடசென்னைக்கு வந்திருக்க வேண்டியது. கற்கள் மேல் ஏறாதீர்கள். தண்ணீர்க் கோட்டுக்கு அருகில் இருக்கிற பச்சைப் பாசி கண்ணுக்கு உலர்ந்த மாதிரி தெரிந்தாலும் வழுக்கும்.

நாளைக்கு அலாரம் 4 மணி. வீட்டில் இருக்கிற தெர்மகோல் பெட்டி, அழுத்தமான 2 பை, ரப்பர் செருப்பு, சில்லறை நோட்டு எல்லாவற்றையும் இன்று ராத்திரியே வாசலில் வைத்துவிடுங்கள்.

நாள் 3, புதன்: காசிமேடு, பிறகு சமையல்கட்டு

இந்த வாரத்தின் முக்கியமான நாள் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

மெட்ரோ முதல் வண்டி 5 மணிக்குத்தான் கிளம்பும். 5 மணிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் முன்னால் நிற்க வேண்டுமென்றால் பைக் அல்லது ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது. சென்னை முழுக்க அங்கே இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது ஃபைபர் படகு பிடித்து வருவதும், வெளியூரிலிருந்து ஐஸில் வருவதும்தான் இருக்கும். தை மாதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

உள்ளே இரண்டு வகை வியாபாரம் நடக்கும். படகை ஒட்டி ஏலம்: கூடை கூடையாக, வியாபாரிகளுக்கு. இரண்டு பேர் குடும்பத்துக்கு அது ஆகாது, பார்த்துவிட்டு வரலாம். ஏலக்காரர் வாயிலிருந்து தொகை ஏறுகிற வேகத்தைக் கேட்பதற்காகவே பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஆனால் வழியில் நிற்காதீர்கள். கூடை சுமந்து வருகிறவர்கள் “ஓரம், ஓரம்” என்று ஒரு தரம்தான் சொல்வார்கள். வீட்டுக்கு வாங்க வேண்டியது அக்காமார்கள் கூறு போட்டு உட்கார்ந்திருக்கிற வரிசையில். “இன்னா கண்ணு, சங்கரா பாரு, இப்பதான் எறங்குச்சு” என்று கூப்பிடுவார்கள். முதல் கடையில் வாங்காமல் வரிசையின் கடைசி வரை ஒரு நடை நடந்து வந்தால் அன்றைய விலை தெரிந்துவிடும். பேரம் பேசலாம். வாங்குகிற எண்ணம் இல்லாமல் விலையை இறக்கிவிட்டு நகர்வது இங்கே மரியாதைக் குறைச்சல்.

மீன் பார்க்கிற முறை: கண் வெளியே துருத்தி, கறுப்பு தெளிவாக இருக்க வேண்டும். உள்வாங்கி வெள்ளை படர்ந்திருந்தால் ஐஸில் நாளாகியிருக்கிறது. செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு, பழுப்போ சாம்பலோ என்றால் வேண்டாம். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். செவுளில் சாயம் தடவுகிற வித்தையும் உண்டு என்பதால் ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாமல் மூன்றையும் பாருங்கள். எறாவுக்கு (இறால்) தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், தலை கறுத்துத் தொங்கினால் பழசு. கடம்பாவின் (கணவாய்) தோலில் பழுப்புப் புள்ளிகள் தெளிவாக இருந்தால் புதுசு, உள்சதை ரோஸ் நிறமாக மாறியிருந்தால் விடுங்கள். நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மேல் கனம் இருந்தால் சதை உண்டு. பௌர்ணமி நண்டு உள்ளே காலி, அமாவாசை நண்டுதான் நிறைந்திருக்கும் என்பது அங்கே எல்லோரும் சொல்கிற கணக்கு.

இரண்டு பேருக்கு எவ்வளவு? பல வருஷம் தனியாளாகச் சமைத்தவருக்கும் ஹாஸ்டலில் சாப்பிட்டவருக்கும் இது தெரியாமல் 3 கிலோ வாங்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. 1 கிலோ முழு மீனைச் சுத்தம் செய்தால் ஏறத்தாழ 600 கிராம் நிற்கும். குழம்புக்கு சங்கரா அரை கிலோ, வறுக்க வஞ்சிரம் 4 துண்டு, ஆசைக்கு கடம்பா கால் கிலோ. போதும். வெட்டுகிறவர்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குக் கூலி தனி. குழம்புக்கு, வறுவலுக்கு என்று பிரித்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எல்லாம் ஒரே கனத்தில் வந்துவிடும். வறுவல் துண்டு அரை அங்குலத்துக்கு மேல் போனால் வெளியே கருகி உள்ளே வேகாது. வீடு தூரமென்றால் மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ், கீழே ஒரு அடுக்கு மேலே ஒரு அடுக்கு.

வீட்டுக்கு வந்ததும் ஒருத்தர் மீனுக்கு, ஒருத்தர் வெங்காயத்துக்கு. மீனை மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுப் புரட்டி 2 தண்ணீரில் அலசினால் கவிச்சி போகும். அரை கிலோவுக்குப் புளி 25 கிராம், ஒன்றரை டம்ளர் வெந்நீரில் ஊறட்டும். மண்சட்டியில் 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் குழம்பு முழுக்கக் கசக்கும், அதனால் கண்ணை எடுக்கக்கூடாது. கறிவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 8 பல், நடுவில் கீறிய பச்சைமிளகாய் 2. சுருண்டதும் தக்காளி 2. அது கரைந்து எண்ணெய் விட்ட பிறகுதான் குழம்பு மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி. தூளை எண்ணெயில் அரை நிமிஷம் புரட்டிவிட்டுப் புளியை ஊற்றுங்கள்.

இனிமேல்தான் பொறுமை. மூடாமல் 15 நிமிஷமாவது கொதிக்க வேண்டும். பச்சைப்புளி வாசனை போய் ஓரத்தில் எண்ணெய் மிதந்தால் மீன் போடலாம். அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் புளி வேகிறதற்குள் மீன் கரைந்துவிடும். போட்ட பிறகு கரண்டி உள்ளே போகக்கூடாது, சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து மெதுவாகச் சுற்றி ஆட்டுங்கள். சங்கராவுக்கு 7 நிமிஷம். அணைத்து மூடி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள், உப்பும் புளியும் அப்போதுதான் மீனுக்குள் இறங்கும். கடம்பாவுக்கு நேர் எதிர்க் கணக்கு: அடுப்பு நல்ல சூட்டில் 3 நிமிஷம். 5 ஆனால் ரப்பர். விட்டுவிட்டால் திரும்ப மிருதுவாக அரை மணி நேரம் மசாலாவில் வேகவைக்க வேண்டும்.

ராத்திரி கொஞ்சம் குழம்பு மிச்சம் வையுங்கள்.

நாள் 4, வியாழன்: எம்.சி. ரோடு

காலை நேற்றைய குழம்பும் இட்லியும். மாலையில் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோடு. துணிக்கடைகளின் ஊர். தனித்தனியாக இருந்த வருஷங்களில் ஒருத்தருக்கு இன்னொருத்தர் வாங்கி அனுப்பிய சட்டையும் சுடிதாரும் பெரும்பாலும் அளவு தவறித்தான் போயிருக்கும். இன்று நேரில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ரெடிமேடில் எக்ஸ்.எல். என்று எழுதியிருப்பது கடைக்குக் கடை மாறும். வீட்டில் சரியாக இருக்கிற ஒரு உடையின் தோளையும் மார்பையும் நீளத்தையும் அங்குலத்தில் குறித்துப் போய், சிறிய டேப்பால் அளந்து பாருங்கள். பிளவுஸ் தைக்கக் கொடுப்பதானால் இன்றே கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் இந்தத் தெருப் பக்கம் இரண்டு பேராகப் போகவே முடியாது, கை விட்டால் ஆளைத் தேட வேண்டும்.

நாள் 5, வெள்ளி மாலை: சௌகார்பேட்டை

மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டுக் கிளம்புங்கள். இன்றைய நடை தங்க சாலையில், அதாவது மின்ட் ஸ்ட்ரீட்டில். கார் எடுத்துப் போவதைப் போன்ற தொல்லை வேறில்லை. மண்ணடியில் இறங்கி நடப்பதே வழி. போகிற வழியில் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். சிவாஜி 1677 அக்டோபர் 3ஆம் தேதி வந்து வழிபட்டதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாரதியாரும் சுதேசமித்திரனில் வேலை பார்த்த நாட்களில் இங்கே வந்து போனவர். வெள்ளி மாலையென்றால் எலுமிச்சை விளக்குக் கூட்டம் இருக்கும், 6 மணிக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

சாப்பிடுகிற வரிசையில் ஒரு ஒழுங்கு வேண்டும். காரம் முதலில், இனிப்பு அப்புறம், பால் கடைசி. ஜிலேபியில் ஆரம்பித்தவர்கள் இரண்டாவது கடையோடு வயிறு அடைத்துத் திரும்பிவிடுவார்கள். முறுக்கு சாண்ட்விச் ஒன்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முறுக்குகளுக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி. அத்தோவுக்குச் சொன்னதே இதற்கும், வந்ததும் சாப்பிட வேண்டும். காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபி அடுப்பிலிருந்து வரும்போது வாங்க வேண்டும், தட்டில் அடுக்கியதை வாங்காதீர்கள். நெய்யில் பொரித்தது ஆறினால் நாக்கில் ஒட்டும். 2 பேருக்கு 100 கிராம் தாராளம். அங்கேயே பாதாம் பால். இன்னும் இடமிருந்தால் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் கடை: நெய்ப்பொடி இட்லியும் ஊத்தப்பமும், வேறொன்றும் கேட்க வேண்டாம். இருட்டிய பிறகுதான் அங்கே கூட்டம் சூடு பிடிக்கும்.

ஒரு யோசனை. என்ன சாப்பிடலாம், எங்கே போகலாம் என்று பல வருஷம் தனித்தனியாகவே முடிவு செய்து பழகிய இரண்டு பேர் இப்படி ஒரு தெருவில் நிற்கும்போது சின்னச் சின்ன இழுபறி வரும். இன்றைக்கு ஒருத்தர் சொல்வது, நாளைக்கு இன்னொருத்தர் என்று வைத்துக்கொண்டால் தெருவில் நின்று முகம் தூக்க வேண்டியதில்லை. சொல்கிறவர் கையில் பணம், கேட்கிறவர் கையில் பை.

நாள் 6, சனி

இன்று எங்கும் போக வேண்டாம். மொட்டை மாடியில் துணி காயப்போடுங்கள், மதியம் தூங்குங்கள். ஊருக்கு வந்ததைக் கேள்விப்பட்டுச் சொந்தக்காரர்கள் வரத்தான் செய்வார்கள். அவர்களுக்கென்று இந்த ஒரு நாளை முன்கூட்டியே சொல்லிவைத்தால் மற்ற ஆறு நாளும் உங்களுடையது. இதை மாமியார் வீட்டிலும் அம்மா வீட்டிலும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பது முக்கியம்.

நாள் 7, ஞாயிறு: ஜார்ஜ் டவுன் காலை, கொளத்தூர் மாலை

வாரத்தில் ஆறு நாள் கைவண்டியும் மூட்டையுமாக இருக்கிற ஜார்ஜ் டவுன் தெருக்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும். மேலே நிமிர்ந்து கட்டிடங்களைப் பார்க்க முடிகிற ஒரே நேரம். உயர் நீதிமன்ற வளாகத்தை வெளியிலிருந்து பாருங்கள், 1892இல் திறந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு போட்டதற்கு அதன் சுவரில் நினைவுக்கல் உண்டு. கில்லாடியைப் பார்த்து “அவன் எம்டன்” என்று தமிழில் சொல்வது அந்த ராத்திரியிலிருந்துதான்.

அங்கிருந்து ஆர்மீனியன் தெரு. தமிழ்ப் பலகையில் அரண்மனைக்காரன் தெரு என்று இருக்கும். ஆர்மீனியன் என்கிற பெயர் தமிழ் வாயில் அரண்மனையாகிவிட்டது, அரண்மனை எதுவும் இங்கே இருந்ததில்லை. இப்போதுள்ள ஆர்மீனியத் தேவாலயம் 1772இல் கட்டியது. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, உள்ளே 6 பெரிய மணிகள். ஞாயிறு காலை 9:30க்கு மணி அடிப்பது வழக்கம் என்பதால் 9:15க்கு வாசலில் இருங்கள். முற்றத்துக் கல்லறைகளில் ஒன்று ஹாருத்யூன் ஷ்மாவோன்யனுடையது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை அஸ்தராரை 1794இல் இந்தச் சென்னையிலிருந்து நடத்தியவர். சொந்த மண்ணை விட்டு இத்தனை தூரத்தில் உட்கார்ந்து தன் மொழியில் தன் ஜனத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு மனிதர். தூரத்திலிருந்து வாழ்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றும்.

நேரம் இருந்தால் பீச் ஸ்டேஷனிலிருந்து அடுத்த நிறுத்தமான ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. தூண் வைத்த பழைய கட்டிடம் இன்னும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் குறைவு, ரயிலை நம்பி நிற்காமல் நேரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

மாலை கொளத்தூர். பெரம்பூர் அல்லது வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ. கலர் மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம், தெருத் தெருவாகக் கண்ணாடித் தொட்டிகள்தான். ஒரு வாரமாக வெளியே சுற்றியவர்கள் வீட்டில் சேர்ந்து கவனித்துக்கொள்ள ஒரு உயிரை வாங்கிக்கொண்டு போகலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஃபைட்டர் மீன் ஒன்றே ஒன்று. இரண்டு ஆணை ஒரு தொட்டியில் விட்டால் ஒன்று சாகும். விரலைக் கண்ணாடியில் வைத்தால் திரும்பிப் பார்க்க வேண்டும், துடுப்பு விரிந்திருக்க வேண்டும், உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருக்கக்கூடாது. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். அதை வாங்காமல் 10 லிட்டராவது பிடிக்கிற தொட்டியும் மூடியும் வாங்குங்கள். ஃபைட்டர் துள்ளி வெளியே விழும். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடம் வேண்டும்.

புது மீன் ஒரு வாரத்தில் செத்துப்போவதற்கு இரண்டு காரணம் பெரும்பாலும் போதும். குழாய்த் தண்ணீரின் குளோரின் ஒன்று: நேற்றே ஒரு வாளியில் பிடித்துத் திறந்து வைத்த தண்ணீராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடையிலேயே குளோரின் முறிக்கிற மருந்து சின்ன பாட்டிலில் கிடைக்கும். கேன் தண்ணீரில் தாது சத்து குறைவு, அதை மட்டும் ஊற்றாதீர்கள். இரண்டாவது, அதிகமாகத் தீனி போடுவது. ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாமல் அவரும் போட்டால் மிச்சம் அழுகித் தண்ணீர் விஷமாகும். காலையில் ஒருத்தர் 2 உருண்டை, ராத்திரி இன்னொருத்தர் 2 உருண்டை. வாரம் ஒரு தரம் கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். ஏ.சி. அறையில் வைக்க வேண்டாம்.

வீட்டுக்குப் போனதும் கவரை அப்படியே தொட்டித் தண்ணீரில் 15 நிமிஷம் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் ஊற்றி, இன்னும் 15 நிமிஷம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. விளக்கை அணைத்துவிடுங்கள். இன்று ராத்திரி தீனி வேண்டாம். நாளைக் காலை முதல் இரண்டு உருண்டையை யார் போடுவது என்று மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.